பனிப் படத்தில் பார்த்த முட்டைப்பால்

தொண்ணூற்றொன்றாம் வருஷம் என்று வாயைத் திறந்தாலே எங்கள் பக்கத்து ஆட்கள் மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்ததைத்தான் சொல்வார்கள். அன்றைக்கு எங்கே இருந்தோம், எந்தப் பஸ்ஸில் மாட்டிக்கொண்டோம் என்று ஆளுக்கு ஒரு கதை இருக்கும். எனக்கும் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லப் படித்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கு அந்த வருஷத்தில் டிசம்பர் மாதம்தான் மறக்காமல் நிற்கிறது. அந்த ஒரு மாதத்தில் என் டீக்கடையில் நான் உடைத்த அளவுக்கு முட்டைகளை முன்னும் உடைத்ததில்லை, பின்னும் உடைத்ததில்லை.

கடை, வல்லத்துக்குத் திரும்புகிற முனையில் இருந்தது. கீற்றுக் கொட்டகை, ஒரு பாய்லர், இரண்டு பெஞ்சு. இப்போது அந்த இடத்தில் ஒரு கம்பெனியின் மதில் சுவர் போகிறது. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அந்தக் கொட்டகை மழைக்கு ஒழுகும், கோடையில் கீற்றிலிருந்து தேள் விழும். அன்றைக்கு இந்தப் பக்கம் கம்பெனிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன. ஷிப்டு விடுகிற நேரத்தில் சைக்கிள்களில் ஆட்கள் வருவார்கள். லாரிகள் நிற்கும். மற்ற நேரம் ஈ ஓட்டுவேன்.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. சின்ன வயதில் தாம்பரத்தில் ஒரு கடையில் கிளாஸ் கழுவினேன். அப்புறம் பாய்லர் பக்கத்தில் நிற்க விட்டார்கள். அங்கே எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான். பால் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கொதி அடங்கிய பாலில் டீ போட்டால் குடிக்கிறவன் மறுபடி வரமாட்டான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், இந்தப் புத்தியே பிற்பாடு எனக்கு எதிரியாக வந்து நின்றது. அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

அதற்கு முன்னால் என் சம்சாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மண்ணூர்ப் பக்கத்துப் பெண். எங்களைப் போலவே கத்தோலிக்கக் குடும்பம். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். கடைக்குப் பின்னாலேயே எங்கள் வீடு. அவள் உள்ளே அம்மி அரைத்துக்கொண்டே பேசுவது பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு எல்லாம் கேட்கும். அவர்களும் இங்கிருந்தே பதில் சொல்வார்கள். டீயைவிட அந்தப் பேச்சுக்காகவே வந்தவர்கள் உண்டு.

கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து எங்களுக்கு ஒரு பிள்ளை தங்கியது. எட்டாம் மாதம் அது வயிற்றுக்குள்ளேயே அடங்கிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் வைத்து எடுத்தார்கள். யார் மேலும் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்தப் பிள்ளைக்காக அவளுடைய அம்மா ஒரு தகரப் பெட்டி கொண்டுவந்து வைத்திருந்தார். பிஸ்கட் டப்பா அளவுதான் இருக்கும். அதற்குள் பிள்ளைக்கு உரைத்துக் கொடுக்கிற மருந்துச் சாமான்கள். வசம்பு, மாசிக்காய் என்று ஐந்தாறு இருக்கும் என்று கேள்வி. கூடவே ஒரு சின்ன உரைகல். எங்கள் பக்கத்தில் பச்சைப்பிள்ளையைத் தலைக்குக் குளிப்பாட்டினால், இவற்றைத் தாய்ப்பாலில் ஒரு இழுப்பு உரைத்து நாக்கில் தடவுவார்கள். ஆனால் பிள்ளை பிறக்கும் முன்னால் எதையும் வாங்கி வைக்கக் கூடாது. அது வழக்கம். என் மாமியார் ஆசையில் முந்திவிட்டார். பிள்ளை போனதும் ஊர்ப் பெண்டுகள், "முன்னாடியே வாங்கியாந்து வெச்சா இப்பிடித்தான் ஆவும்" என்று பழியைக் கொண்டுபோய் அந்தப் பெட்டியின் மேல் போட்டார்கள். பெட்டியின் மேல் போட்டால் என்ன, மாமியார் மேல் போட்டால் என்ன. அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே அந்த அம்மாள் கொஞ்ச நாளில் போய்ச் சேர்ந்தார். பெட்டி பரண்மேல் ஏறியது. அதைத் தூக்கி எறியவும் எங்களுக்கு மனம் வரவில்லை, கீழே இறக்கவும் மனம் வரவில்லை. நான் அதைத் திறந்து பார்த்ததே இல்லை.

தொண்ணூற்றொன்றில் அவள் மறுபடி முழுகாமல் இருந்தாள். சந்தோஷப்படவே பயமாக இருந்ததால் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வாந்தி ஊருக்கே சொல்லிவிட்டது. பாய்லரில் பால் பொங்கினால் வாந்தி. டீத்தூள் டப்பாவைத் திறந்தால் வாந்தி. அரிசி வேகிற வாசனைக்கு வாந்தி. நாலாம் மாதம் வந்தும் நிற்கவில்லை. கன்னம் ஒட்டி, வளையல் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கியது. பேச்சும் நின்றுபோனது. பெஞ்சுக்காரர்கள், "இன்னா மாஸ்டர், அண்ணி ஊர்ல இல்லியா?" என்று என்னைக் கேட்டார்கள்.

மசக்கைக்காரி ஆசைப்பட்டுக் கேட்டதைக் கொடுக்காவிட்டால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். மாங்காய், புளி, அடுப்புச் சாம்பல், எதைக் கேட்டாலும் கொண்டுவந்து போட நான் தயாராக இருந்தேன். ஆனால் அவள் எதையுமே கேட்கவில்லை.

"இன்னாதான்மே வேணும் உனுக்கு? வாயத் தெறந்து கேளு."

"ஒண்ணும் வாணாம்யா. நீ போயி கடையப் பாரு."

கன்னியர் மடத்து மருந்தகத்தில் ஒரு நர்ஸ் சிஸ்டர் இருந்தார். மலையாளத்துக்காரர். கண்டிப்பான ஆள், ஆனால் கை மெத்தென்று இருக்கும். அவர் என் சம்சாரத்தை எடைக் கருவியில் நிறுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கிறிஸ்துமஸ் கழிஞ்சு வரும்போ வெயிட் ஏறியிருக்கணும். இல்லேன்னா பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்து குளுக்கோஸ் ஏத்தணும். நான் சும்மா பயமுறுத்தலே, கேட்டோ? வயித்துல இருக்கிறது எதைத் தின்னும்?"

வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் ஏரிக்கரையில் அவள் நின்றாள்.

"அந்த ஆஸ்பத்திரிக்கி நான் வரமாட்டேன்யா."

"யாரு கூட்டினு போறாங்க இப்ப? நீ துன்னா ஏன் போவணும்?"

"துன்ன முடியலியே." அவ்வளவுதான் சொன்னாள். அந்தக் கட்டில், அந்தச் சுவர், எல்லாம் அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வெளியே வேப்ப மரத்தடியில் நான் நின்ற இடம் வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை.

டிசம்பர் பிறந்ததும் எங்கள் மாதா கோயில் வாசலில் வாலிபர் சங்கத்தார் வீடியோ டெக்கு வாடகைக்கு எடுத்து டிவி வைத்தார்கள். தமிழ்ப் பட கேசட்டெல்லாம் வேறு ஊர்களுக்குப் போய்விட்டது என்று சொல்லி, டெக்குக் கடைக்காரர் ஒரு இங்கிலீஷ் மாயாஜாலப் படத்தைத் தலையில் கட்டி அனுப்பியிருந்தார். எங்கள் யாருக்கும் அந்தப் பாஷை புரியாது. அதனால் என்ன. சங்கத்து ஆள் ஒருத்தர் டிவி பக்கத்தில் நின்றுகொண்டு கதை சொன்னார். அவருக்கும் இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நல்ல கதையாகத்தான் சொன்னார்.

படத்தில் ஒரு ஊர் முழுக்கப் பனி. ஏதோ சாபத்தில் ஆட்கள் நின்ற இடத்திலேயே உறைந்துபோய்க் கல்லு மாதிரி நிற்கிறார்கள். ஒரு பெரிய மரத்தின் வயிற்றில் கதவு. அதற்குள் ஒரு சூனியக்காரி, நல்ல சூனியக்காரி, பண்டிகைக்குச் சமைக்கிறாள். பூசணிக்காய் அளவு முட்டையைச் சுத்தியால் உடைத்து அண்டாவில் ஊற்றுகிறாள். பாலை ஊற்றுகிறாள். கலக்கக் கலக்க மஞ்சளாக நுரை எழும்புகிறது. கடைசியில் பழுப்பாக ஒரு காயை எடுத்து மேலே துருவுகிறாள். அந்தக் காயை மட்டும் டிவி நிறையக் காட்டினார்கள். அப்புறம் அதை மரக்குவளையில் மொண்டு உறைந்து நிற்கிறவர்கள் வாயில் புகட்டுகிறாள். ஒவ்வொருத்தராகப் பனி உதிர்ந்து, கன்னம் சிவந்து, மீசையில் நுரையோடு சிரிக்கிறார்கள். ஜனங்கள் கை தட்டினார்கள். என் சம்சாரம் தட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் வாந்திதான் வருகிறது என்று நான் எழுந்திருக்கப் போனேன்.

அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அத்த குடிக்கணும் போல கீதுயா."

"எத்த?"

"அதான், அந்தக் கிளவி குடுக்கறாளே. அத்த."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மாங்காய் கேட்பாள் என்று பார்த்தால், படத்தில் சூனியக்காரி காய்ச்சியதைக் கேட்கிறாள். ஆனாலும் கேட்டுவிட்டாளே.

மறுநாள் காலையிலேயே கடையில் விசாரணை ஆரம்பித்தது. அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் இரண்டு பேர் தினமும் வருகிறவர்கள். ஒருத்தர் லாரி டிரைவர், மணிமங்கலத்துக்காரர். வாய் ஓயாது. இன்னொருத்தர் கம்பெனியில் லேத் மெஷின் ஓட்டுகிறவர், திருநெல்வேலிப் பக்கம். தனி ஆள். அறையெடுத்துத் தங்கியிருந்தார். இரண்டு பேருக்கும் ஒருத்தரை ஒருத்தர் மட்டம் தட்டாவிட்டால் டீ இறங்காது.

"அது பீரு நைனா. நொரையப் பாத்த இல்ல?" என்றார் டிரைவர்.

"பீருல முட்டைய ஒடச்சு ஊத்துவாகளாவே? அது ஏதோ பாயாசம்" என்றார் லேத்துக்காரர்.

"பாயாசத்தக் குட்ச்சிட்டு செத்தவன் எவனாச்சும் எய்ந்து ஆடுவானா?"

"எங்க அத்த வைக்கிற பாயாசத்தக் குடிச்சா எந்திச்சு ஓடியே போவான். நீரு ஒருநா வந்து பாரும்."

முட்டையும் பாலும் சர்க்கரையும் என்பதில் ஒருவழியாக எல்லாரும் ஒத்துப்போனோம். கடைசியில் துருவிய அந்தப் பழுப்புக் காய் என்ன என்பதில்தான் சண்டை. டிரைவர் பாக்கு என்றார். லேத்துக்காரர் கருப்பட்டி என்று அடித்துச் சொன்னார். நான் சுக்கு என்றேன். என் சம்சாரம் வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ உத்துப் பாத்துகினு இருந்தியே, அது இன்னா காயிமே?" என்று அவளைக் கேட்டேன்.

"எனுக்கு இன்னா தெரியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

முதல் தடவை நான் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். முட்டையை நன்றாக அடித்தேன். பாய்லர் மேல் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்த பாலில் அப்படியே ஊற்றினேன். பால் என்றால் கொதிக்க வேண்டும், அதுதானே என் படிப்பு. கண் மூடித் திறப்பதற்குள் பாலில் முட்டைப் பொரியல் மிதந்தது.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "இன்னா நைனா, டீயிலயே ஆம்லெட்டு போட ஆரம்ச்சிட்ட?"

இரண்டாவது தடவை, மிதக்கிறதை வடிகட்டினால் சரியாகிவிடும் என்று டீ வடிக்கிற துணியிலேயே வடித்தேன். வருஷக்கணக்காக டீ குடித்துக் கறுத்த துணி அது. வந்தது முட்டையும் இல்லை, டீயும் இல்லை. ஏரித் தண்ணீர் நிறத்தில் ஒன்று வந்தது. அதை அவளிடம் காட்டவே இல்லை.

லேத்துக்காரர்தான் வழி சொன்னார். "அண்ணாச்சி, எதையும் சட்டுன்னு கொண்டுபோயி சூட்டுல போட்டா முறுக்கிக்கிடும். இரும்பே முறுக்குது, முட்ட என்ன செய்யும்? முட்டைய பால்ல ஊத்தாதீரும். பால ஆத்தி, கொஞ்சங் கொஞ்சமா முட்டையில ஊத்தும்."

அதற்குப் பாலைக் கொதியிலிருந்து இறக்க வேண்டும். இறக்கும்போது என் கை கூசியது என்றால் நம்புவீர்களா? யாராவது கஸ்டமர் பார்த்துவிடப் போகிறார் என்று முதுகைக் காட்டி மறைத்துக்கொண்டு செய்தேன். ஆற்றிய பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக முட்டையில் விட்டுக் கலக்கி, மறுபடி இளம் தணலில் வைத்துத் துழாவினேன். முட்டை நன்றாகச் சூடேறாமல் கொடுக்கக் கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். கெட்டியாக வந்ததும் மக்கில் ஊற்றி, டீ ஆற்றுகிற மாதிரியே கையை உயரத் தூக்கி ஆற்றினேன். அதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. நுரை எழும்பியது பாருங்கள், அந்தப் படத்தில்கூட அப்படி வரவில்லை. பெஞ்சுக்காரர்கள் இரண்டு பேரும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

அதை ஒரு கிளாஸில் ஊற்றி உள்ளே கொண்டுபோனேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாய்க்குக் கிட்டே கொண்டுபோனாள். மூக்கு சுருங்கியது. முட்டைக் கவிச்சி. கண்ணை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் ஓடினாள்.

திரும்பி வந்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நொரை நல்லா வந்துகீதுயா" என்றாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாளாம்.

அப்புறம் கவிச்சியை விரட்டுகிற வேலை. ஏலக்காய் போட்டேன். சுக்கு போட்டேன். லேத்துக்காரர் ஊரிலிருந்து வந்த கருப்பட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைப் போட்டதில் பால் திரிந்தது. டிரைவர் எங்கிருந்தோ நாட்டுக்கோழி முட்டைகளை வைக்கோலில் சுற்றி, லாரி சீட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தார். அதோடு ஒரு நாள் இடுப்பிலிருந்து கால் பாட்டில் பிராந்தியையும் எடுத்தார்.

"ஒரே ஒரு மூடி வுடு நைனா. கவிச்சி ஓடியே பூடும். எங்க வூட்ல புள்ள பெத்தவளுக்கு குடுப்பாங்க."

"பெத்தப்பறம் இல்ல குடுப்பாங்க? உள்ள கீற புள்ளைக்கி ஊத்தச் சொல்றியா? சிஸ்டரு கேட்டா உன்ன எட கட்டி தொங்க வுட்ருவாங்க."

அவர் பாட்டிலைத் திருகித் திறந்தார். "அதுவும் சர்தான்" என்று சொல்லி, அன்றைக்கு அவள் குடிக்காமல் வைத்த கிளாஸில் மூடியைக் கவிழ்த்து அவரே குடித்துவிட்டார். "நைனா, இது ஷோக்கா கீதே!" என்றார். நல்லவேளை, அன்றைக்கு அவருக்கு லோடு இல்லை. பெஞ்சிலேயே படுத்துத் தூங்கினார்.

இப்படியே நாள் போனது. ஒவ்வொரு தடவையும் அவள் வாங்கிப் பார்ப்பாள், ஒரு வாய் வைப்பாள், கொல்லைப்பக்கம் ஓடுவாள். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. அவள் அதை விடாமல் வாங்குவதைப் பார்த்துத்தான் நானும் விடாமல் போட்டேன். கிறிஸ்துமஸ் கழிந்தால் எடைக் கருவி. அதற்கப்புறம் அந்தக் கட்டில். எனக்கு வேறு எதுவும் மனதில் ஓடவில்லை. கோயிலில் குடில் ஜோடிக்கக் கூப்பிட்டார்கள், போகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டுச் சட்டையை மாட்டினேன். டிரைவரும் லேத்துக்காரரும் வெளிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். லேத்துக்காரருக்கு ஓ.டி. இருந்தது, அதனால் ஊருக்குப் போகவில்லை என்று சொன்னார். டிரைவருக்கு எதற்கும் காரணம் தேவையில்லை. காலையில் ஆற்றி வைத்த முட்டைப்பால், இன்னும் எதுவும் சேர்க்காதது, சட்டியில் வெதுவெதுப்பாக இருந்தது.

"எங்கயா கெளம்பிட்ட?" என்றாள்.

"ஸ்ரீபெரும்புதூரு. நாட்டு மருந்துக் கடைக்கி. பழுப்பு கலர்ல இன்னா இன்னா காயி கீதோ அம்மாத்தையும் வாங்கியாந்துர்றேன். ஒண்ணு இல்லாங்காட்டி ஒண்ணு அதுவா இருக்கும்."

"கடக்காரன் சிரிப்பான்."

"சிரிச்சிட்டுப் போறான்."

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. பரணைப் பார்த்தாள்.

"எங்கயும் போவ வாணாம். அத்த எறக்கு."

எதை என்று நான் கேட்கவில்லை. பரண்மேல் வேறு என்ன இருக்கிறது? பழைய முறமும் உடைந்த குடையும்.

"அது வாணாம்மே. இன்னும் மாசம் கீது. புள்ள பொறக்கட்டும், நானே எறக்கிக் குடுக்கறேன்."

"எறக்குயா."

முக்காலி போட்டு ஏறினேன். பெட்டிமேல் விரல் தடிமனுக்குத் தூசி. அவள் மடியில் வைத்தேன். மூடி துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. கரண்டிக் காம்பால் நெம்பித் திறந்தோம். உள்ளே மஞ்சள் துணி. அதற்குள் மாமியார் எப்படிச் சுற்றி வைத்தாரோ அப்படியே எல்லாம் இருந்தது. அவள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, பழுப்பாக ஒரு கொட்டையை எடுத்தாள். கோலிக்குண்டைவிடக் கொஞ்சம் பெரிசு. மூக்கில் வைத்து மோந்தாள். நான் கொல்லைக் கதவைத் திறந்து வைக்கப் போனேன். அவள் ஓடவில்லை. மறுபடி மோந்தாள்.

"இதான்யா. ஜாதிக்கா."

"உனுக்கு எப்பிடித் தெரியும்?"

"படத்துல பாத்தப்பவே தெரியும். வெட்டுன பக்கத்துல கோடு கோடா ஓடுச்சே, பாக்கல நீ? இத்த வாங்கியாந்த அன்னிக்கி எங்கம்மா ஒண்ணொண்ணா எடுத்து காட்டிக் காட்டி பேரு சொல்லிச்சு. இதே மாரி இன்னொண்ண பாதியா ஒடச்சுக் கூட காட்டிச்சு."

எனக்குக் கோபம்தான் வந்தது. "அடிப்பாவி! நாங்க மூணு பேரு சுக்கு, கருப்பட்டினு இத்தினி நாளா மண்டைய ஒடச்சிகினு கீறோம். அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நீ எறக்கிருப்பியா?"

நான் முக்காலியை ஓரமாகத் தள்ளினேன்.

"எறக்கிருக்க மாட்ட. எனுக்கும் அத்தப் பாக்கற தெகிரியம் வரணுமில்ல?" என்றாள். "எங்கம்மா ஆசையா வாங்கியாந்தது. அது இன்னாய்யா பண்ணிச்சு?"

அவளே எழுந்துபோய் உரைகல்லைக் கழுவினாள். கல் புதுசு. அதில் அதுவரைக்கும் எதுவும் பட்டதில்லை. அதன்மேல் ரெண்டு சொட்டுப் பால் விட்டு, ஜாதிக்காயை வைத்து ஒரு இழுப்பு இழுத்தாள்.

"பாத்துமே, நெறைய வாணாம்."

"பச்சப் புள்ளைக்கே ஒரு இழுப்பு குடுக்கறாங்க. எனுக்கு ஒண்ணும் ஆவாது. நீ போயி பால சூடு பண்ணு."

நான் சட்டியைத் தணலில் வைத்து, துழாவி, ஆற்றினேன். அவசரத்தில் பாதி தரையில் போனது. உரைத்ததை விரலால் வழித்து அவள் கிளாஸில் கலந்தாள். வீட்டில் வாசனை மாறியது. இனிப்பா காரமா என்று சொல்லத் தெரியவில்லை. கவிச்சி அடங்கிப்போனது. அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, வாய் வைத்தாள். ஒரு வாய். நிறுத்தினாள். இன்னொரு வாய். நான் கொல்லைக் கதவையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தேன். வெளியே பெஞ்சில் சத்தமே இல்லை.

கிளாஸை முடித்து வைத்துவிட்டு அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். நெற்றியில் வேர்த்திருந்தது. டிரைவர் கதவிடுக்கில் தலையை நீட்டி, "இன்னா நைனா ஆச்சு?" என்று கிசுகிசுத்தார். கையைக் காட்டி அடக்கினேன். நேரம் போனது. வெளியே ஒரு பஸ் வந்து நின்று போனது. அவள் ஓடவில்லை.

"இன்னும் கீதா?" என்றாள்.

நான் அடுப்படிக்குப் போனேன். சட்டி அங்கே இல்லை. வெளியே வந்து பார்த்தால் சட்டி பெஞ்சின்மேல் இருக்கிறது, காலி. லேத்துக்காரர் மீசையில் நுரை. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் கையை நீட்டி எடுத்திருக்கிறார்கள்.

"வாசன வந்துச்சு அண்ணாச்சி. சும்மா ருசி பாக்கலாம்னு..." என்றார் அவர்.

உள்ளே இருந்து குரல் வந்தது. பழைய குரல், ரோடு வரைக்கும் கேட்கிற குரல்.

"வவுத்துப் புள்ளக்காரிக்கி வெச்சத வய்ச்சி குட்ச்சிட்டு குந்திகினு கீறீங்களே, வெக்கமா இல்ல உங்களுக்கு? ரெண்டு தடிமாடுங்க! எங்க அந்த டிரைவரு, அவுருதான் எடுத்திருப்பாரு!"

"ஐயோ அண்ணி, நானு இல்ல, இந்த ஆளுதான்!" என்று டிரைவர் கத்தினார். அப்புறம் என்னைப் பார்த்து, "அண்ணி வந்துட்டாங்க நைனா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, லாரியைக்கூட எடுக்காமல், பால் வாங்கி வர நடந்தே போனார்.

அன்றைக்குச் சாயங்காலம் ஒரு கிளாஸ், பண்டிகை அன்று காலையில் ஒரு கிளாஸ் என்று அவள் குடித்தாள். உரைக்க வேண்டாம், சும்மா மோந்தாலே போதும் என்று பிற்பாடு சொன்னாள். அதற்கப்புறம் இட்லி இறங்கியது. அப்புறம் சோறு. கிறிஸ்துமஸ் கழிந்து எடைக் கருவியில் ஏறியபோது சிஸ்டர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "என்ன கொடுத்தீங்க?" என்றார். படத்தில் பார்த்ததைக் கொடுத்தோம் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதவும் இல்லை.

பெட்டியை அவள் மறுபடி பரண்மேல் ஏற்ற விடவில்லை. அடுப்பங்கரை மாடத்தில், கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துக்கொண்டாள். ஊர்ப் பெண்டுகள் வந்தால் பார்ப்பார்களே என்றேன். பார்க்கட்டும் என்றாள்.

கத்திரி வெயிலில் பெண் பிறந்தாள். மடத்துச் சிஸ்டர்தான் பக்கத்தில் இருந்தார். பிள்ளையைத் தலைக்குக் குளிப்பாட்டின அன்றைக்கு ஊர்ப் பெண்டுகள் வந்து உட்கார்ந்தார்கள். முன்னே பெட்டியைப் பேசியவர்களும் இருந்தார்கள். அவர்களில் வயதான ஒருத்தி மருந்து உரைக்க அந்தப் பெட்டியைத் திறந்து ஜாதிக்காயைக் கையில் எடுத்தாள். ஒரு பக்கம் வழுவழுவென்று தேய்ந்திருந்தது.

"இன்னாடி, யாரும் தொடாத பெட்டின்றாங்க. இது ஏற்கெனவே ஒரைச்சுக் கீது? யாருக்கு ஒரைச்ச?"

"எனுக்குத்தான்" என்றாள் என் சம்சாரம்.